குமரியிலிருந்து தோகா 3-2-1 விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு: குடும்பத்தோடு போய்வர முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்குக் கத்தார் என்றால் அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ வேலை பார்க்கும் ஊர். பள்ளி லீவில் பிள்ளைகளோடு போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வருகிறார்கள். கார்னிஷ் கடற்கரையையும் சூக் வாகிஃப் சந்தையையும் யாரும் விடுவதில்லை. ஆனால் பிள்ளைகள் குதித்து, ஓடி, தொட்டு விளையாடக்கூடிய 3-2-1 கத்தார் ஒலிம்பிக் மற்றும் விளையாட்டு அருங்காட்சியகத்தை மட்டும் "மியூசியம்தானே, கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க என்ன இருக்கு" என்று கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கலீஃபா சர்வதேச மைதானத்தை ஒட்டி, 2022 மார்ச் இறுதியில் திறக்கப்பட்ட இடம் இது. பரப்பு ஏறக்குறைய 19,000 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் 470 சென்ட். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜோவான் சிபினா வடிவமைத்தது. உள்ளே ஏழு கூடங்கள். அந்த ஏழில் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது ஏழாவது கூடம்தான், ஆக்டிவேஷன் ஸோன். முதல் ஆறையும் வரிசையாகப் பார்த்து முடிப்பதற்குள் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கால் கடுத்துவிடும், பசி வந்துவிடும், "வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிடும். ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும்: ஏழாவது கூடத்துக்குள் பிள்ளை தெம்போடு நுழைய வேண்டுமானால் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எதைப் பார்க்காமல் கடக்க வேண்டும்? மற்ற எல்லாம் இந்தக் கேள்விக்கு அடங்கியவை.

எந்த மாதம், எந்த நாள்

நம் பள்ளிகளின் முழு ஆண்டு விடுமுறையும் தோகாவின் கொடும் வெயிலும் ஒன்றாக வரும். மே மாதத்தில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அருங்காட்சியகம் முழுக்க ஏசி என்பதால் உள்ளே கவலையில்லை. சிரமம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். வெயிலைத் தவிர்க்க முடிகிறவர்களுக்கு அரையாண்டு லீவு நல்லது. டிசம்பர், ஜனவரியில் மாலை காற்று சில்லென்றே இருக்கும். கிறிஸ்துமஸை ஊரில் கொண்டாடிவிட்டு 26-க்கு மேல் கிளம்புகிறவர்கள் டிக்கெட் விலையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அந்த வாரம் எல்லோரும் பறப்பார்கள். பிப்ரவரி இரண்டாம் செவ்வாய் கத்தாரின் தேசிய விளையாட்டு தினம், பொது விடுமுறை. அருங்காட்சியகம் இருக்கும் ஆஸ்பயர் பகுதி முழுக்கக் கூட்டம் நிரம்பும். கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த நாள், பிடிக்காது என்றால் அதைத் தவிர வேறு எந்த நாளும்.

அடுத்தது கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. பல கம்பெனிகளில் வெள்ளி ஒரு நாள்தான். வெள்ளியன்று அருங்காட்சியகங்கள் மதியத் தொழுகைக்குப் பிறகே திறக்கும், மெட்ரோவும் மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். இங்கே நேர வித்தியாசம் குறுக்கே வருகிறது. கத்தார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். தோகாவில் இரவு 8 மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு 10.30. வந்த முதல் வெள்ளியே மாலையில் கூட்டிக்கொண்டு போனால் ஏழாவது கூடத்துக்குள் தூங்கிக்கொண்டே நுழைவார்கள். இரண்டாவது வெள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சனியும் லீவு என்றால் முதல் வாரச் சனி காலை இன்னும் நல்லது. விடிகாலை நாலு மணிக்கே எழுந்து உட்காரும் பிள்ளைகளுக்குக் காலை 9 மணி உச்ச நேரம்.

திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முந்தின நாள் மாலை கத்தார் மியூசியம்ஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ரமலான் மாதத்தில் நேரங்கள் எல்லாமே மாறும். அந்த மாதத்தில் பகலில் பெரியவர்கள் பொது இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது.

விசாவும் காகிதங்களும்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே இறங்கியதும் கிடைக்கும் அனுமதி. இதற்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், டிஸ்கவர் கத்தார் என்ற முன்பதிவு இணையதளம் வழியாகச் செய்த ஹோட்டல் பதிவு மூன்றும் வேண்டும். அப்பாவின் ஃபிளாட்டில்தானே தங்கப்போகிறோம் என்று ஹோட்டல் பதிவு இல்லாமல் கிளம்புகிறவர்கள் திருவனந்தபுரம் செக்-இன் கவுண்டரிலேயே மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது, அங்கே வேலை பார்ப்பவர் கத்தார் உள்துறை அமைச்சகத்தின் மெட்ராஷ் செயலியில் விண்ணப்பித்து எடுக்கும் குடும்ப விசிட் விசா. வீட்டில் தங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் போடும் முன் அதிகாரப்பூர்வ பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது இனிஷியல். பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அப்பாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து வேறு மாதிரி இருந்தால், உறவை நிரூபிக்கும் கட்டத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று இரண்டு மாதம் முன்பே பார்த்தால் திருத்த நேரம் கிடைக்கும். விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடுங்கள், வீட்டுப் பெயர் வேண்டாம்.

வருகையாளர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆளுக்கு மாதம் 50 ரியால். மருந்துகளில் கோடீன் உள்ள இருமல் சிரப், டிரமடால் போன்றவற்றை எடுத்துப் போகவே கூடாது. பாட்டியின் பிரஷர், சுகர் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகப் போகலாம்.

ஏர்போர்ட் வரை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கி.மீ. வண்டியில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். சர்வதேச முனையம் சாக்கையில் இருக்கிறது, உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். டிரைவரிடம் "சாக்கை" என்று சொல்லுங்கள். களியக்காவிளை தாண்டிப் பழைய சாலையிலேயே போனால் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் நெருக்கடியில் மாட்டலாம். காரோட்டிலிருந்து கழக்கூட்டம் போகும் பைபாஸில் ஏறினால் சாக்கைக்கே கொண்டுவிடும். ரயிலில் போகிறவர்கள் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், ஆனால் ஒரு மாதப் பெட்டிகளோடு அது வேண்டாத வேலை. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தோகாவுக்கு நேரடி விமானத்தில் நாலரை முதல் ஐந்து மணி நேரம்.

வீட்டிலேயே ஒத்திகை

இதைச் செய்துவிட்டுப் போகும் குடும்பத்துக்கும் செய்யாமல் போகும் குடும்பத்துக்கும் அங்கே நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஆக்டிவேஷன் ஸோன் என்பது உடம்பை அளந்து காட்டும் இடம்: வேகம், குதிப்பு, சமநிலை, கைச்சுறுசுறுப்பு என்று. முடிவில் அவரவருக்கான கணக்கு வரும். தன் பழைய அளவு தெரிந்த பிள்ளைக்கு அந்த எண் சுவாரசியமாக இருக்கும், தெரியாத பிள்ளைக்கு அது வெறும் திரை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு நோட்டு, 30 செ.மீ. ஸ்கேல், இன்ச் டேப், சாக்பீஸ் போதும்.

முதலில் ஸ்கேல் சோதனை. பிள்ளை மேசை ஓரத்தில் முன்கையை ஊன்றி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மூன்று செ.மீ. அகலத்துக்கு விரித்து வைக்கட்டும். பெரியவர் ஸ்கேலின் 30 முனையைப் பிடித்து, 0 முனை சரியாக விரல்களின் நடுவே வரும்படி தொங்கவிட வேண்டும். சொல்லாமல் விட வேண்டும். பிள்ளை பிடித்ததும் கட்டைவிரலின் மேல்விளிம்பில் உள்ள எண்ணைப் படியுங்கள். விழும் தூரம்தான் நேரம்: 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15 என்றால் ஏறக்குறைய 0.175, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25. ஐந்து முறை செய்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை நோட்டில் எழுதுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் விடுகிறவரால்தான். விடும் முன் மூச்சை இழுப்பார், புருவத்தைத் தூக்குவார், பிள்ளை அதைப் பார்த்துப் பிடித்துவிடும். நாலு செ.மீ.யில் பிடித்தால் கைதட்ட வேண்டாம், அது ஊகம். ஓட்டப் போட்டிகளில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 0.1 விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று விதி. ஸ்கேலில் அது 4.9 செ.மீ. அதற்குள் மூளைக்குச் செய்தி போய் உத்தரவு திரும்ப நேரமில்லை என்பதுதான் காரணம். பிள்ளைக்கு ஒரு நூறில் ஒரு பங்கு விநாடி எவ்வளவு என்று காட்டவும் இதே ஸ்கேல் போதும். 0.17 விநாடிக்கு 14.2 செ.மீ., 0.18-க்கு 15.9. இடைவெளி ஒரு விரல் அகலம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா பதக்கத்தை இழந்தது அந்த அளவு நேரத்தில்தான்: 55.41-க்கு வெண்கலம், 55.42-க்கு நாலாமிடம்.

அடுத்து நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல். முற்றத்து மண்ணில் கோடு போட்டு, கோட்டிலிருந்து பின்குதிகால் பதிந்த இடம் வரை அளக்க வேண்டும். முன்விரலிலிருந்து அளந்தால் ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு பாத நீளம் கூடிவிடும். சிமெண்ட் தரையில் வேண்டாம், முழங்கால் பாழாகும். பின்னோக்கிக் கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு.

பிறகு சுவரில் இரண்டு கோடுகள். ஒன்று 2.37 மீட்டரில். வாசல் கதவின் நிலை ஏழு அடி என்றால் 2.13 மீட்டர், அதற்கும் மேலே ஒரு சாணுக்குச் சற்று அதிகம். கத்தாரின் முதாஸ் பர்ஷிம் 2019 உலகத் தடகளப் போட்டியில் இதே கலீஃபா மைதானத்தில் தாண்டிய உயரம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அதே 2.37-ஐத் தாண்டித்தான் இத்தாலியின் தம்பேரியோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். இன்னொரு கோடு பிள்ளை கை தூக்கி எட்டும் உயரத்தில், அதற்கு மேல் குதித்துத் தொட்ட உயரத்தில் ஒரு சிறு புள்ளி. தெருவில் இடமிருந்தால் 8.95 மீட்டரையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள், மைக் பவல் 1991-இல் நீளம் தாண்டுதலில் தாண்டியது. மூன்று ஆட்டோவை வரிசையாக நிறுத்தினாலும் அந்தக் கோட்டை எட்டாது. எடை புரிய வேண்டுமானால் மளிகைக்கடைக்குக் கூட்டிப்போங்கள்: டோக்கியோவில் கத்தாருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த ஃபாரிஸ் இப்ராஹிம் தலைக்கு மேல் தூக்கிய 225 கிலோ என்பது ஒன்பது 25 கிலோ அரிசி மூட்டை.

நேரமிருந்தால் இரண்டு உள்ளூர்ப் பயணங்கள். தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில் பீடத்தின் மேல் ஒரு கல் இருக்கிறது. 38 கிலோ எடை. படையில் சேர வரும் இளைஞர்கள் அதை 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். திங்களன்று அரண்மனை விடுமுறை. மற்றொன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம், 1987 முதல் இயங்குவது, கையால் இயக்கிப் பார்க்கும் கருவிகள் நிறைந்தது. அங்கே உங்கள் பிள்ளை எத்தனை நிமிடம் சலிக்காமல் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண்தான் தோகா திட்டத்துக்கு அடிப்படை.

தோகாவில் போகும் வழி

மெட்ரோவே போதும். கோல்டு லைனில் அல் அஜீஜியா நோக்கிப் போகும் ரயில், இறங்குவது ஸ்போர்ட் சிட்டி. மன்சூரா பக்கம் தங்கியிருப்பவர்கள் கிரீன் லைனில் ஏறி முஷைரிபில் மாற வேண்டும். மூன்று லைன்களும் சந்திக்கும் நிலையம் அது. பயண அட்டை வைத்திருந்தால் ஒரு பயணத்துக்கு 2 ரியால், ஒரு நாளுக்கு எத்தனை முறை ஏறினாலும் 6 ரியால். பெண்களும் குடும்பங்களும் உட்காரத் தனிப் பகுதி உண்டு, கட்டணம் அதேதான். தெரியாமல் கோல்டு கிளப் என்ற உயர்வகுப்புப் பெட்டியில் ஏறிவிடாதீர்கள், அதற்குக் கட்டணம் பல மடங்கு.

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் 300 மீட்டர் உயர டார்ச் கோபுரம் தெரியும், அதைக் குறியாக வைத்து நடக்கலாம். கோடையில், அதுவும் வயதானவர்கள் கூட இருந்தால், கர்வா டாக்சியில் நேராக வாசலில் இறங்குவதே மேல்.

காலையில் புட்டோ இட்லியோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் முக்கால் மணி நேரமாவது இடைவெளி விட்டுத்தான் ஆக்டிவேஷன் ஸோன். நிறைந்த வயிற்றோடு குதிக்கும் பிள்ளை வாந்தி எடுக்கும்.

உள்ளே

டிக்கெட்டை இணையத்திலேயே எடுங்கள். கத்தாரில் குடியிருப்பவருக்கும் சுற்றுலா வருபவருக்கும் கட்டணம் வேறு, ஆகவே அப்பா தன் ஐடி அட்டையை மறக்கக் கூடாது. நுழைந்ததும் ஊழியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஆக்டிவேஷன் ஸோனுக்கு முதலில் போகலாமா, எந்தெந்த விளையாட்டுக்கு வயது அல்லது உயர வரம்பு உண்டு, லிஃப்ட் எங்கே. போகலாம் என்றால் யோசிக்காமல் அங்கேயே தொடங்குங்கள். வரிசைப்படிதான் என்றால் கீழே உள்ள நேரக்கணக்கு:

முதல் கூடம் உணர்ச்சிகளின் உலகம், 10 நிமிடம். இரண்டாவது உலக விளையாட்டு வரலாறு, 20. மூன்றாவது ஒலிம்பிக்ஸ், 30. நாலாவது வீரர்கள் கூடம், 30. ஐந்தும் ஆறும் கத்தார் நடத்திய போட்டிகளும் கத்தார் விளையாட்டும், சேர்த்து 20. ஏழாவதுக்கு 75 நிமிடம் முழுதாக வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

விளக்கப் பலகைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான். எல்லாவற்றையும் வாசித்துச் சொல்ல முயல்கிற அப்பாதான் பிள்ளையைச் சோர்வாக்குகிறவர். கூடத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் கூடத்தில் அந்த ஒன்று தீப்பந்த வரிசை. தீப்பந்த ஓட்டம் தொடங்கிய 1936 பெர்லின் முதல் ஒவ்வொரு போட்டியின் பந்தமும் அங்கே இருக்கிறது. முதல் பந்தத்தின் முன்னால் நிற்கும்போது சொல்ல ஒரு கதை நமக்கும் உண்டு: அந்த பெர்லினில், ஆகஸ்ட் 15 அன்று, ஹாக்கி இறுதிப் போட்டியில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. பிறகு பிள்ளையை விட்டு எது அழகான பந்தம் என்று தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஓடிவிடும்.

வீரர்கள் கூடம் மூன்று தளங்களில், 90 வீரர்களோடு விரிகிறது. கால்பந்தில் ஊறிய தூத்தூர்க் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் நேராகப் பெலே இருக்கும் இடத்துக்குத்தான் ஓடுவார்கள், ஓடட்டும். முகமது அலியின் கையுறையைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். மூன்று தளத்தையும் முடித்தே தீருவேன் என்று நினைத்தால் ஏழாவது கூடம் போயிற்று.

ஏழாவதுக்குள் நுழையும் முன் கழிப்பறை, தண்ணீர், ஷூ லேஸ். ஷூ கட்டாயம் வேண்டும். செருப்போடு வந்த பிள்ளை பாதி விளையாட்டை வேடிக்கைதான் பார்க்கும். பெண்களும் பெண்பிள்ளைகளும் துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள், வளையல், கொலுசு கழற்றிவிடுங்கள். அண்ணன் தம்பி இருவரையும் ஒரே கருவியில் மோதவிட்டால் சின்னவன் அழுவான். அவரவர் நோட்டு எண்ணோடு அவரவர் மோதட்டும். ஸ்கேல் சோதனையில் 0.22 எழுதியவள் அங்கே எப்படிச் செய்கிறாள் என்று பாருங்கள். அளக்கும் முறை வேறு என்பதால் எண் அப்படியே ஒத்துவராது. வீட்டில் யார் முதலோ அங்கேயும் அவரே முதலா என்பதுதான் பார்க்க வேண்டியது. முழங்கால் அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள் குதிக்கும் எதையும் தொட வேண்டாம். தாத்தாவுக்குச் சமநிலையும் கைச்சுறுசுறுப்பும் போதும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

வியர்த்த உடம்போடு அப்படியே ஏசியில் உட்கார்ந்தால் குளிரெடுக்கும். ஆளுக்கொரு மாற்று பனியன் பையில் இருக்கட்டும், மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். பசிக்குப் பக்கத்து வில்லாஜியோ மாலின் உணவுக்கூடம் உண்டு. வெயில் தாழ்ந்திருந்தால் ஆஸ்பயர் பூங்காவின் புல்லில் ஒரு விரிப்பைப் போட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரிக்கலாம். நோட்டையும் அங்கேயே எடுத்து, அன்றைய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் பிள்ளை கையாலேயே எழுத வையுங்கள். ரூமுக்குப் போன பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.